நான்கு மாதத்துக்குள் ஒரு வாய்ப்பு: ஐரோப்பிய ஒன்றியத்தின் இளையோர் உத்தரவாதம்

பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது, அடுத்து என்ன என்று தெரியவில்லை. இல்லையென்றால் பட்டம் கையில் இருக்கிறது, விண்ணப்பம் போட்ட இடங்களிலிருந்து பதில் இல்லை. அதுவும் இல்லையென்றால், பார்த்துக்கொண்டிருந்த வேலை போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் வாழும் 30 வயதுக்குட்பட்ட ஒருவர் இதில் எந்த நிலையில் இருந்தாலும், நான்கு மாதத்துக்குள் அவருக்குத் தரமான ஒரு வாய்ப்பு காட்டப்பட வேண்டும். வேலையாக இருக்கலாம், மேற்படிப்பாக இருக்கலாம், ஊதியத்தோடு தொழில் கற்கும் இடமாக இருக்கலாம், பணிப் பயிற்சியாகவும் இருக்கலாம். ஒன்றியத்தின் 27 நாடுகளும் ஏற்றுக்கொண்டிருக்கும் இந்த ஏற்பாட்டின் பெயர் இளையோர் உத்தரவாதம்.

பெயரில்தான் உத்தரவாதம். ஒன்றியத்தின் அளவில் இது சட்டமே அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் அலுவலகத்துக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்பதால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

பரிந்துரை வேறு, சட்டம் வேறு

2013 ஏப்ரல் 22 அன்று உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் ஒன்றியக் கவுன்சில் ஒரு 'பரிந்துரை'யை நிறைவேற்றியது. வேலைவாய்ப்புக் கொள்கை அந்தந்த நாட்டு அரசின் கையில் இருக்கும் விஷயம். ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் ஆலோசனை சொல்லலாம், பணம் கொடுக்கலாம், ஆண்டுதோறும் கணக்குக் கேட்கலாம். 'நான்கு மாதம் ஆகிவிட்டது, எனக்கு வேலை எங்கே?' என்று ஓர் இளைஞர் அந்தப் பரிந்துரையைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போக முடியாது. 2017 நவம்பரில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் அறிவிக்கப்பட்ட சமூக உரிமைகளுக்கான ஐரோப்பியத் தூண் என்ற ஆவணம் ஒரு படி மேலே போய், நான்கு மாதத்துக்குள் வாய்ப்பு பெறுவது இளையோரின் 'உரிமை' என்றே எழுதியது. ஆனால் அதுவும் பிரகடனம்தான்.

ஆகவே கையில் பிடித்துக் கேட்க ஏதாவது வேண்டுமென்றால், வாழும் நாட்டின் சொந்தச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரே பரிந்துரை பாரிஸில் மாத உதவித்தொகையாகவும், பெர்லினில் தொழிற்கல்வி இடமாகவும், வியன்னாவில் பெற்றோர் மீது விழும் கடமையாகவும் மாறியிருக்கிறது.

'நீட்' என்றால் இங்கே வேறு

இந்தத் திட்டத்தைப் பற்றிய எல்லா அறிக்கைகளிலும் 'நீட்' என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். நம் மாணவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் மருத்துவ நுழைவுத் தேர்வு அல்ல இது. வேலையிலும் இல்லாமல், படிப்பிலும் இல்லாமல், பயிற்சியிலும் இல்லாமல் இருக்கும் இளையோரைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். வீட்டில் 'சும்மா இருக்கிறான்' என்று ஒரு பெருமூச்சோடு சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான்.

வேலையின்மை விகிதம் என்று ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கும்போது இது எதற்கு? வேலை தேடுகிறவர்தான் வேலையின்மைக் கணக்கில் வருவார். தேடித் தேடி அலுத்து நிறுத்திவிட்டவர் அதில் வரமாட்டார். குழந்தையையோ நோயாளியையோ பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பெண்ணும் வரமாட்டார். இப்படி விடுபட்டவர்களையும் சேர்த்து எண்ணுவதற்குத்தான் இந்த அளவுகோல். அப்படி எண்ணும்போது ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் தெரிகிறார்கள். ஒன்றியத்துக்கு வெளியே பிறந்து வந்தவர்கள் இன்னும் அதிகம் தெரிகிறார்கள்.

2008 நிதி நெருக்கடியின் பின்விளைவுகள் உச்சத்தில் இருந்த 2013ல், கிரீஸிலும் ஸ்பெயினிலும் வேலைச் சந்தைக்கு வந்த 25 வயதுக்குட்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை இல்லை. ஒரு தலைமுறையே கைநழுவிப் போகிறது என்ற பயத்தில் பிறந்த திட்டம் இது. ஆனால் யோசனை புதிதல்ல; வட ஐரோப்பாவின் நோர்டிக் நாடுகள் 1980களிலேயே இதைத் தொடங்கிவிட்டன. இளைஞர் ஒருவர் நீண்ட நாள் வெறுமனே இருந்தால் அதன் தழும்பு அவருடைய பிந்தைய சம்பளத்திலும் தன்னம்பிக்கையிலும் பல ஆண்டுகள் தெரியும், அதனால் முதல் சில மாதங்களுக்குள்ளேயே பிடித்துவிட வேண்டும் என்பது அவர்களின் கணக்கு.

2020ல் என்ன மாறியது?

கொரோனா முதலில் மூட வைத்தது உணவகங்களையும் விடுதிகளையும் கடைகளையும். இளையோர் அதிகம் வேலை பார்த்த இடங்களும் அவையே. 2020 அக்டோபர் 30 அன்று கவுன்சில் பழைய பரிந்துரையை எடுத்துவிட்டு வலுவான புதியதொன்றை வைத்தது. 25 என்றிருந்த வயது வரம்பு 30க்குக் கீழ் என்று உயர்ந்தது. அதைவிட முக்கியமாக, வேலை நடக்க வேண்டிய படிகளும் எழுதப்பட்டன. யார் யார் வெளியே நிற்கிறார்கள் என்று முதலில் கண்டறிவது, பிறகு அவர்களைத் தேடிப் போவது, அதன்பின் ஆளைப் பார்த்துத் தயார்படுத்துவது, கடைசியாக வாய்ப்பைக் கொடுப்பது. தயார்படுத்தும் கட்டத்தில் கணினித் திறன் எவ்வளவு என்று பார்த்து, குறை இருந்தால் குறுகிய பயிற்சி தர வேண்டும் என்பதும் அப்போது சேர்ந்தது.

இந்த நான்கில் கடினமானது தேடிப் போவதுதான். நடைமுறையில் நாட்கணக்கு ஓடத் தொடங்குவது பதிவு செய்த பிறகே. பதியாதவருக்கு நான்கு மாதமும் இல்லை, நாற்பது மாதமும் இல்லை. ஒன்றியத்தின் சராசரியை எடுத்தால், படிப்பும் வேலையும் பயிற்சியும் இல்லாத இளையோரில் பாதிப் பேர்கூடத் திட்டத்தின் பதிவேட்டில் இருப்பதில்லை. பதிவு என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு வேலைவாய்ப்பு அலுவலகமும் பதிவு மூப்பும் நினைவுக்கு வரும். அப்படி வரிசையில் காத்திருக்கும் ஏற்பாடு அல்ல இது. பதிந்ததும் ஓர் ஆலோசகர் அமர்த்தப்பட்டு, அவரோடு உட்கார்ந்து தனித் திட்டம் ஒன்று எழுத வேண்டும்.

பின்லாந்து இந்தச் சிக்கலைக் கையாளும் விதம் எனக்குப் பிடித்தது. அங்கே 30 வயதுக்குட்பட்டோருக்காக 'ஓஹ்யாமோ' என்ற மையங்கள் இருக்கின்றன. அந்தச் சொல்லுக்கு விமானி அமரும் அறை என்று பொருள். உன் வண்டியை நீதான் ஓட்ட வேண்டும், நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம் என்று சொல்லும் பெயர். வேலை, வீடு, கடன், மனநலம் எதைப் பற்றிக் கேட்பதானாலும் ஒரே கதவு. முன்பதிவுகூட இல்லாமல் உள்ளே போகலாம். அப்படியும் வராதவர்களைத் தேடிக்கொண்டு இளையோர் பணியாளர்கள் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போகிறார்கள்.

பிரான்ஸ்: உதவித்தொகையோடு ஓர் ஒப்பந்தம்

ஈழத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் பிரான்சில் 2022 மார்ச் 1 முதல் இளையோர் ஈடுபாட்டு ஒப்பந்தம் என்ற வடிவில் இது இருக்கிறது. 16 முதல் 25 வயது வரை சேரலாம். மாற்றுத்திறனாளியாக அங்கீகாரம் பெற்றவர் 29 வரை. படித்துக்கொண்டிருக்கக் கூடாது, பயிற்சியில் இருக்கக் கூடாது, நிலையான வேலை கிடைப்பதில் சிரமம் இருக்க வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை கட்டாயம் இல்லை. ஆனால் வேலை செய்ய அனுமதிக்கும் செல்லுபடியான வதிவிட அட்டை வேண்டும்.

சேர்ந்தவர் வாரத்துக்கு 15 முதல் 20 மணி நேரம் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். பயிலரங்கு, நிறுவனத்தில் சில நாள் நேரடி அனுபவம், நேர்காணலுக்கான பயிற்சி, ஆலோசகரோடு சந்திப்பு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தேவைப்பட்டவருக்கு மாதம் 500 யூரோவுக்குச் சற்று மேல் வரை உதவித்தொகை உண்டு. எல்லோருக்கும் ஒரே தொகை அல்ல. 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் குறைவு. பெற்றோரின் வருமான வரிக் கணக்கோடு சேர்ந்திருப்பவருக்கு அவர்களின் வருமானத்தைப் பொறுத்துக் குறையும், சில வேளை கிடைக்காமலும் போகும். 'பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வருகிறது, எங்கள் பிள்ளைக்கு ஏன் இல்லை?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இந்த வரிக் கணக்கில்தான் இருக்கும். ஆண்டுதோறும் தொகை திருத்தப்படுவதால் சேரும் நாளில் என்ன தொகை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கே போவது? 'மிசியோன் லோக்கால்' என்ற உள்ளூர் இளையோர் மையத்துக்கு. 1982ல் தொடங்கிய இவை 16 முதல் 25 வயதினருக்கென்றே இருப்பவை. முன்பு 'போல் எம்ப்ளுவா' என்றிருந்து 2024 முதல் 'பிரான்ஸ் திராவாய்' என்று பெயர் மாறிய அரசு வேலைவாய்ப்பு அமைப்பின் வழியாகவும் சேரலாம். இன்னொன்று: 2020 செப்டம்பரிலிருந்து பிரான்சில் 16 முதல் 18 வயது வரை படிப்பிலோ பயிற்சியிலோ வேலையிலோ ஏதோ ஒன்றில் இருப்பது கட்டாயம். 16 முடிந்ததும் பள்ளியிலிருந்து நின்றுவிடலாம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

ஜெர்மனியும் ஆஸ்திரியாவும்

ஜெர்மனியில் வாழும் நம்மவர் வாயில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்ட ஒன்று 'அவுஸ்பில்டுங்'. நிறுவனத்தில் வேலை பழகிக்கொண்டே தொழிற்பள்ளியிலும் படிக்கும் இந்த முறையில் முதல் மாதத்திலிருந்தே ஊதியம் உண்டு. 2020 முதல் அதற்குச் சட்டப்படி குறைந்தபட்ச அளவும் இருக்கிறது. சிக்கல் இடம் கிடைப்பதில். சில பகுதிகளில் நிறுவனங்கள் ஆள் இல்லாமல் தவிக்கின்றன, வேறு பகுதிகளில் பிள்ளைகள் இடம் இல்லாமல் தவிக்கிறார்கள். இதற்காக 2024ல் தொழிற்கல்வி உத்தரவாதம் நடைமுறைக்கு வந்தது. இடப் பற்றாக்குறை உள்ள பகுதியில் வாழ்ந்து, ஆலோசனையும் பெற்று, உண்மையாகவே பல இடங்களில் விண்ணப்பித்தும் கிடைக்காதவருக்கு, நிறுவனத்துக்கு வெளியே ஒரு பயிற்சி அமைப்பில் அதே தொழிலைக் கற்கும் உரிமையை அது 2024 ஆகஸ்ட் 1 முதல் தருகிறது. இங்கே சொல் 'உரிமை'. பரிந்துரைக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தொலைதூர ஊரில் இடம் கிடைத்துப் போகிறவருக்கு முதலாண்டில் வீட்டுக்கு வந்து போகும் செலவுக்கு உதவியும் அதே சட்டத்தில் இருக்கிறது. 'விண்ணப்பித்தேன்' என்று வாயால் சொன்னால் போதாது. அனுப்பிய விண்ணப்பங்களையும் வந்த மறுப்புக் கடிதங்களையும் எடுத்து வைக்க வேண்டும்.

ஆஸ்திரியா இதையே மறுபக்கமாகத் திருப்பிப் போட்டது. 2016ல் வந்த சட்டப்படி 18 வயது வரை ஏதாவது கல்வியிலோ பயிற்சியிலோ இருப்பது கட்டாயம். பிள்ளை எதிலும் இல்லாமல் நான்கு மாதம் ஆனால் பெற்றோர் அதற்கான ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உதவியை மறுத்துக் கடமையைத் தட்டிக்கழித்தால் அபராதம் வரைக்கும் போகலாம். கடுமையாகத் தெரியும். ஆனால் யார் வெளியே நிற்கிறார் என்று அரசுக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற நாடுகள் தடுமாறும் முதல் படியே அதுதானே.

பணம் வந்தது, பலன் எவ்வளவு?

தொடக்கத்தில் இதற்கென்று ஒன்றியம் 640 கோடி யூரோ ஒதுக்கியது. 2012ல் இளையோர் வேலையின்மை 25 சதவீதத்தைத் தாண்டியிருந்த பகுதிகளுக்கு முன்னுரிமை. 2021 முதல் 2027 வரையான காலத்தில் விதி வேறு. வேலையோ படிப்போ பயிற்சியோ இல்லாத இளையோர் சராசரியைவிட அதிகம் உள்ள நாடுகள், ஐரோப்பிய சமூக நிதியிலிருந்து தமக்குக் கிடைப்பதில் குறைந்தது 12.5 சதவீதத்தை இளையோருக்காகச் செலவிட வேண்டும்.

ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் 2017ல் ஏழு நாடுகளைப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கை பூசி மெழுகவில்லை. எந்த நாடும் எல்லா இளையோருக்கும் நான்கு மாதத்துக்குள் வாய்ப்பு தரவில்லை, ஒன்றியம் தரும் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு தரவும் முடியாது என்றது. முன்னேற்றம் இல்லாமலும் இல்லை. 15 முதல் 29 வயதினரில் வேலையோ படிப்போ பயிற்சியோ இல்லாதவர்கள் 2019ல் 12.6 சதவீதம். 2024ல் அது 11 சதவீத அளவுக்கு இறங்கியது. 2030க்குள் 9 என்பது இலக்கு. ஆனால் நெதர்லாந்தில் 5 சதவீத அளவிலும் ருமேனியாவில் 19 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும்போது, சராசரியை வைத்து யாரும் நிம்மதி அடைய முடியாது. இறங்கியதில் திட்டத்துக்கு எவ்வளவு பங்கு, பொருளாதாரம் மீண்டதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பதும் எளிதல்ல.

எனக்கு உறுத்துவது வாய்ப்பின் தரம். இத்தாலியில் தொடக்க ஆண்டுகளில் இந்தத் திட்டத்தின் வழியாகக் கிடைத்தவற்றில் பெரும்பங்கு சில மாதப் பணிப் பயிற்சிகளே. அரசின் பணத்தில் ஓர் இளைஞரை வைத்து வேலை வாங்கிவிட்டு, பயிற்சி முடிந்ததும் அடுத்தவரை எடுக்கும் முதலாளிக்கு அது வசதி. 2020 பரிந்துரை, பணிப் பயிற்சிக்கும் தொழில் பழகுவதற்கும் ஒன்றியம் வகுத்த தர விதிகளைப் பின்பற்றச் சொல்கிறது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், என்ன கற்பிக்கப்படும் என்று அதில் இருக்க வேண்டும், எத்தனை மாதம் என்றும் இருக்க வேண்டும். இவை இல்லாத தாளில் கையெழுத்துப் போடும் முன் ஆலோசகரிடம் காட்டிக் கேட்பதில் தவறில்லை.

லண்டன், சூரிச், ஒஸ்லோ வாசகர்களுக்கு

இந்த மூன்று நகரங்களிலும் தமிழர் நிறைய இருந்தாலும் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தின் உறுப்பினர்கள் அல்ல. மேலே சொன்னது அங்கே அப்படியே பொருந்தாது. நார்வே 2023ல் 30 வயதுக்குட்பட்டோருக்குச் சொந்தமாக ஓர் இளையோர் உத்தரவாதத்தைத் தொடங்கியது; அதை நடத்துவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த 'நாவ்' என்ற அரசு வேலைவாய்ப்பு, நல உதவி அலுவலகம். சுவிஸில் தொழிற்கல்வி இடம் கிடைக்காதவர்களுக்குக் கன்டோன்கள் எனப்படும் மாநிலங்கள், பள்ளிக்கும் தொழிற்கல்விக்கும் இடையிலான இணைப்பு ஆண்டுகளை நடத்துகின்றன. இங்கிலாந்தில் 18 வயது வரை கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்ற விதி 2015லிருந்து இருக்கிறது.

ஒன்றிய நாட்டில் இருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, பதிந்த நாளுக்கான எழுத்துச் சான்றை வாங்கி வைத்துக்கொள்வது. மின்னஞ்சலாக இருந்தாலும் போதும். ஆலோசகர் மாறினால், கோப்பு வேறு அலுவலகத்துக்குப் போனால், முதலில் எழும் கேள்வி 'எப்போது பதிந்தீர்கள்?' என்பதே. அடையாள அட்டை அல்லது வதிவிட அட்டை, முகவரிச் சான்று, கடைசியாகப் படித்த பள்ளியின் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை முதல் சந்திப்புக்கே கொண்டுபோகலாம். இலங்கையிலோ இந்தியாவிலோ படித்தவராக இருந்தால் சான்றிதழின் மொழிபெயர்ப்பு வந்து சேரும் வரை காத்திருக்காமல் பதிந்துவிடலாம்; மொழிபெயர்ப்பைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம். சந்திப்புக்குப் போக முடியாவிட்டால் முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிட வேண்டும். காரணம் சொல்லாமல் தவறவிட்டால் பிரான்சில் உதவித்தொகையிலேயே கை வைப்பார்கள்.