வண்டிக்கு ஏது ‘இடைநீக்கம்’?

“முன்புற இடைநீக்கம் மென்மையாக உள்ளது.” கார்களைப் பற்றித் தமிழில் எழுதுகிற இடமெல்லாம் இந்த வரி சலிக்கச் சலிக்க வருகிறது. இடைநீக்கம் என்பது வேலையில் இருப்பவரை விசாரணை முடியும்வரை விலக்கி வைப்பது. நடத்துநரை இடைநீக்கம் செய்யலாம், அவர் ஏறிய பேருந்தின் பின்னச்சை என்ன செய்வது? வேலை விலக்கத்துக்கும், வண்டியின் உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே குலுக்கலை வாங்கும் வில் தொகுதிக்கும் ஆங்கிலத்தில் சஸ்பென்ஷன் என்ற ஒரே சொல் இருப்பதால் வந்த வினை இது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷனை ‘சுயாதீன இடைநீக்கம்’ என்றும் பார்க்கலாம். விலக்கி வைத்த அதிகாரி தன்னாட்சி கேட்கிறார் போலிருக்கிறது.

வேர் லத்தீன், தொங்கவிடுதல் என்று பொருள். பழைய குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல் வார்களில் தொங்கவிட்டார்கள். வாருக்குப் பதில் எஃகுப் பட்டை வந்த பிறகும் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதைப் பார்த்து ‘தொங்கல்’, ‘தொங்கமைப்பு’ என்று ஆக்குகிறவர்கள் வேரைப் பெயர்க்கிறார்கள், பொருளை விட்டுவிடுகிறார்கள். இன்றைய காரின் உடல் சுருள்வில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

நமக்குச் சொல் தேடி அலைய வேண்டிய தேவையே இல்லை. அச்சுக்கு மேல் எஃகுப் பட்டை வைத்த மாட்டுவண்டியை வில்வண்டி என்றார்கள். லாரிப் பட்டறையில் சொல்லும் ‘கமான் பட்டை’யும் அதேதான், கமான் என்றால் பாரசீகத்தில் வில். ஆகவே முழுத் தொகுதிக்கு வில்லமைப்பு. அதற்குள் பட்டைவில், சுருள்வில், ஷாக்கப்சருக்கு அதிர்வடக்கி. பட்டறையில் போய் வில்லமைப்பு என்று கேட்கச் சொல்லவில்லை. அங்கே சஸ்பென்ஷன், பட்டை, ஷாக் என்பதே போதும். எழுதும்போதுதான் இந்தப் பேச்சு.

என் உண்மையான சண்டை ‘அதிர்வுதாங்கி’யோடு. இடைநீக்கம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. அதிர்வுதாங்கி நல்ல தமிழ்போல உட்கார்ந்துகொண்டு தவறான பாடம் சொல்லிக்கொடுக்கிறது. ஷாக்கப்சருக்கும் அதுவே, மொத்த சஸ்பென்ஷனுக்கும் அதுவே என்று எழுதுகிறார்கள். தாங்குவது யார்? எடையைத் தாங்குவது வில். ஷாக்கப்சர் செய்வது, எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி வில்லின் ஆட்டத்தை வெப்பமாக்கிக் கரைப்பது. பட்டை வைத்த பிக்கப்பில் பின்பக்க ஷாக் இரண்டையும் கழற்றிவிட்டாலும் வண்டி ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கும்.

இந்தக் குழப்பத்துக்குப் பணம் கொடுப்பவர் வண்டிக்காரர். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றுகிற பிக்கப், கிருஷ்ணகிரியில் சீசனுக்கு மாங்காய் ஏற்றுகிற பிக்கப், இரண்டுக்கும் பின்பக்கம் தாழும். ‘அதிர்வுதாங்கி தேய்ந்தால் வண்டி தாழும்’ என்று படித்தவர் நேரே ஷாக் மாற்றக் கேட்பார். கடைக்காரரும் “மாத்திட்டா ஏறிடும்ணா” என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். தாழ்வது பட்டையின் கோளாறு. வேகத்தடை தாண்டியபின் வண்டி மூன்று நான்கு முறை குதித்தால்தான் ஷாக்கின் கோளாறு. அதற்குக் கூடுதல் பட்டை ஏற்றினால் குதிப்பு இன்னும் மோசமாகும். விறைத்த வில்லை அடக்க அதிக வலுவுள்ள ஷாக் வேண்டும்.

வேலை தெரிந்தவர் முதலில் கேள்வி கேட்பார். காலியாக இருக்கும்போதே தாழுதா, லோடு ஏற்றினாலா? எத்தனை கிலோ? சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்வார். பட்டை ஏற்றினால், பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டில் பழையதைத் திரும்பப் போடமாட்டார், ஒருமுறை இழுபட்ட மரை அதே இறுக்கத்தைப் பிடிக்காது. பட்டை முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கமாட்டார். அப்படிச் செய்தால் வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும்.

சில பிக்கப்களில் பின் ஆக்சிலோடு இணைந்த ஒரு வால்வு உண்டு. பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். பட்டை ஏற்றி உயர்த்திவிட்டு அதன் நெம்புகோலைச் சரிசெய்யாவிட்டால், முழு லோடு இருந்தும் காலி வண்டி என்று அது நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறைந்து முன் பிரேக் சூடேறும். தொப்பூர் இறக்கத்தில் சேலம் பக்கம் இறங்குகிறவருக்கு இது சொல்லாராய்ச்சி அல்ல. “அந்த வால்வை என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள், எந்த வால்வு என்று திருப்பிக் கேட்கும் கடை வேண்டாம்.

காரைத் தாழ்த்த சுருள்வில்லை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்யும் 8 சுற்றில் 2 போனால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும்; தாழ்ந்ததோடு உள்ளே போகும் இடமும் குறைவதால் ரப்பர் முட்டில் போய் இடிக்கும். கேஸ் வைத்துக் காய்ச்சித் தாழ்த்துவது அதைவிடக் கேடு, எஃகின் பதமே போய்விடும். இங்கேயும் மொழிபெயர்ப்பாளர் கைவரிசை உண்டு: விறைப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கடினம்’. வில் விறைப்பா, ஷாக் விறைப்பா என்று சொல்லாத ‘கடினமான இடைநீக்கம்’ யாருக்கு என்ன சொல்கிறது? ‘சவாரி உயரம்’ என்பதும் அப்படித்தான். வண்டி நிற்கும் உயரம் என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

“பட்டை ஏத்திட்டா இன்னும் அரை டன் போடலாம்” என்ற பேச்சும் ‘தாங்கி’யிலிருந்து வருவதுதான். பட்டை தாங்கலாம்; ஆக்சிலும் பிரேக்கும் டயரும் அதே பழையவை. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையும் மாறாது. ஆர்.சி. விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

பில்லையும் பாருங்கள். ‘சஸ்பென்ஷன் வேலை’ என்று ஒற்றை வரியில் தொகை போட்டிருந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: எத்தனை பட்டை, என்ன தடிமன், யூ போல்ட் புதியதா, ஷாக் எந்தக் கம்பெனி, அலைன்மென்ட் பார்த்த அளவுத் தாள் எங்கே, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி இறுக்கக் கூலி உண்டா இல்லையா.