மருத்துவச்சி யாருக்கும் உதவியாளர் அல்ல

போன மாதம் மட்டும் நான்கு இடங்களில் பார்த்துவிட்டேன். ஒரு மருத்துவமனைச் சுவரொட்டி, இரண்டு விழிப்புணர்வுத் துண்டறிக்கைகள், ஒரு செய்திக் கட்டுரை. ‘மிட்வைஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘பேறுகால உதவியாளர்’. முன்பொரு முறை இயந்திர மொழிபெயர்ப்பு ஒன்றில் ‘நடு மனைவி’ என்று வந்திருந்தது. அதனால் ஆபத்தில்லை, படித்த உடனே யாரும் திருத்திவிடுவார்கள். ‘பேறுகால உதவியாளர்’ அப்படியில்லை. நல்ல தமிழ் போல இருக்கிறது, மரியாதையாகவும் ஒலிக்கிறது. தவறு என்று யாருக்கும் தோன்றாததால் அது அப்படியே நிலைத்துவிடும்.

சொல் பிறப்பை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் ‘மிட்’ என்றால் உடன், ‘வைஃப்’ என்றால் பெண். பெண்ணோடு உடனிருப்பவர் மிட்வைஃப். பிரெஞ்சுக்காரர்கள் ‘சாஜ் ஃபாம்’ என்கிறார்கள், அறிவுடைய பெண் என்று பொருள். ஐஸ்லாந்து மொழியில் ‘லியோஸ்மோதிர்’, அதாவது ஒளித்தாய். 2013இல் தங்கள் மொழியின் மிக அழகான சொல்லாக அந்நாட்டு மக்கள் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தமிழில் மருத்துவச்சி. வேட்டுவன், வேட்டுவச்சி போல மருத்துவன், மருத்துவச்சி. உடனிருப்பவள், அறிந்தவள், ஒளி தருபவள், மருத்துவம் செய்பவள். இந்தச் சொற்களில் ஒன்றாவது ‘உதவி’ என்று சொல்கிறதா?

உதவியாளர் என்றதும் ‘யாருக்கு?’ என்ற கேள்வி வருகிறது. டாக்டருக்கு என்றுதான் நம் மனம் பதில் சொல்லும். அலுவலக உதவியாளர், ஆய்வக உதவியாளர் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. ஆனால் மருத்துவச்சியின் வேலை அதுவல்ல. சிக்கல் இல்லாத கர்ப்பத்தை முதல் பரிசோதனையிலிருந்து தாய்ப்பால் சுரந்து நிலைப்பது வரை தன் பொறுப்பில் பார்த்துக்கொள்பவர் அவர். சிக்கல் வரும்போது அதை முன்கூட்டியே கண்டு மேல் சிகிச்சைக்கு அனுப்புவதும் அவர் எடுக்கும் முடிவு. பன்னாட்டு மருத்துவச்சியர் கூட்டமைப்பின் வரையறையிலேயே இந்தச் ‘சொந்தப் பொறுப்பு’ இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிய வருத்தம். பிரசவத்துக்கு வந்து நிற்பவர் எவரையும் குறிக்க ஆங்கிலத்தில் ‘பர்த் அட்டெண்டன்ட்’ என்று தனியாக ஒரு சொல் உண்டு. அனுபவத்தால் மட்டும் பிரசவம் பார்த்த கிராமத்துப் பாட்டிமாரையும் அதில் ஒரு வகையாகச் சேர்ப்பார்கள். 2004இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கூட்டறிக்கை, திறன் பெற்றவர்கள் யார் என்று கோடு கிழித்தது: முறையாகப் பயின்று தேர்ந்த மருத்துவச்சி, மருத்துவர், செவிலியர். பாட்டிமார் அந்தக் கோட்டுக்கு வெளியே. ‘பேறுகால உதவியாளர்’ என்ற சொல் பொருந்துவது அந்தப் பொதுப் பெயருக்கு. அதையே மிட்வைஃபுக்கும் போட்டால் கோடு அழிந்துபோகிறது. ‘உலகில் 9 லட்சம் மருத்துவச்சிகள் பற்றாக்குறை’ என்ற 2021ஆம் ஆண்டு அறிக்கையின் செய்தி, தமிழில் ‘9 லட்சம் உதவியாளர்கள் தேவை’ என்று ஆனால் படிப்பவருக்கு என்ன தோன்றும்? யாரையாவது பிடித்து ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றுதானே?

அப்புறம், தமிழில் யாரும் பிரசவத்துக்கு ‘உதவியதாக’ச் சொல்வதில்லை. பிரசவம் பார்த்தார் என்பதுதான் வழக்கு. வைத்தியம் பார்ப்பது, பிரசவம் பார்ப்பது. வினைச்சொல்லிலேயே அந்த முழுப் பொறுப்பு இருக்கிறது.

என் அத்தை கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவர். ஊரில் ‘நர்சம்மா’. சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்குப் போனால் அவர் பின்னாலேயே சுற்றுவேன். கறுப்புப் பையிலிருந்து ஒரு கூம்புக் குழலை எடுத்துக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுப்பார். இன்னொரு கை அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் இருக்கும். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். “அம்மா துடிப்பையே பிள்ளை துடிப்புன்னு எண்ணிடக் கூடாதுடா” என்றார். இரண்டு தாளத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அறையில் வேறு யாரும் இல்லை. அவரை யாருக்கு உதவியாளர் என்பது?

சரி, ‘பிரசவ செவிலியர்’ என்று எழுதலாமே என்பார்கள். செவிலி சங்கப் பாடல்களில் வளர்ப்புத்தாய், தோழியைப் பெற்றவள். நர்சுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தது அழகான தேர்வு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இவை இரண்டு தொழில்கள். உலக சுகாதார நிறுவனம் 2020ஐ ‘செவிலியர், மருத்துவச்சியர் ஆண்டு’ என்று இரண்டு பெயரையும் சொல்லித்தான் அறிவித்தது. சென்னை மாகாணம் 1926இல் கொண்டுவந்த சட்டமும் நர்சுகளையும் மிட்வைஃப்களையும் தனித்தனியாகவே சொன்னது. நம் நாட்டில் பெரும்பாலும் ஒருவரே இரண்டுக்கும் பதிவு செய்துகொள்வதால் இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போய்விட்டது.

இலங்கையில் கதை வேறு. களுத்துறையில் 1926இல் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பிறகு நாடு முழுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வீடு வீடாகப் போனார்கள். 1930களில் அங்கே ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். இன்று அது 40க்கும் கீழே. மலேரியா ஒழிப்பு, பெண் கல்வி, இலவச மருத்துவம் எல்லாம் சேர்ந்த பலன்தான். ஆனால் வாசற்படி ஏறிப் போய்ப் பார்த்தவர் மருத்துவச்சி. அங்குள்ள தமிழர் ‘மருத்துவமாது’ என்று எழுதுவதுண்டு, பேச்சில் ‘மருத்துவிச்சி’யும் உண்டு. ‘மாது’ எனக்குக் கொஞ்சம் அலங்காரமாகப் படுகிறது. ஆனாலும் மருத்துவத்தை விட்டுவிடவில்லையே, அந்த மட்டில் நம்மைவிட மேல்.

பிறகு ஏன் நம் மொழிபெயர்ப்பாளர்கள் மருத்துவச்சியைத் தொடத் தயங்குகிறார்கள்? காரணத்தை யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். சாதி. தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் உண்டு. ஆண்கள் கட்டி கீறி வைத்தியம் செய்தார்கள், பெண்கள் ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். பிள்ளையைக் கையில் வாங்கியவளைத் தீட்டு என்று வாசலில் நிறுத்தினார்கள். அந்த இழிவு சொல்லிலும் ஒட்டிக்கொண்டது. அதே வேரிலிருந்து வந்த ‘மருத்துவர்’ மட்டும் இன்று டாக்டர்களின் பெயர்ப்பலகையில் பெருமையாக நிற்கிறது. அதை எடுத்துக்கொள்ளத் தயங்காதவர்கள் மருத்துவச்சியை மட்டும் பழசு, நாட்டுப்புறம் என்று ஒதுக்குவது அநியாயம். ஆணின் தொழில் பெயர் உயர்ந்துவிட்டது, பெண்ணின் தொழில் பெயர் ‘உதவி’யாகிவிட்டது.

திருச்சி மலைக்கோட்டையில் இருக்கும் சாமிக்குப் பெயரே தாயுமானவர். காவிரியில் வெள்ளம், மகளின் பிரசவத்துக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். அவள் உருவில் சிவனே வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். கடவுளுக்கே ஏற்ற வேலை என்று நினைத்த ஊரில்தான் இந்தச் சொல்லுக்குக் கூசுகிறோம்.

வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரிவில் நூற்றுக்குச் சுமார் 10 தாய்மார் இறந்தார்கள், மருத்துவச்சிகள் பார்த்ததில் சுமார் 4 பேர். மாணவர்கள் பிணவறையிலிருந்து கை கழுவாமல் வந்ததுதான் காரணம் என்று அங்கே வேலை பார்த்த மருத்துவர் செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். அந்த ஒப்பீட்டுக்கு அவருக்குக் கிடைத்த அளவுகோல் மருத்துவச்சிகளின் பிரிவு. இந்த வரலாற்றைத் தமிழில் ‘உதவியாளர்கள் பிரிவு’ என்று எழுதிப் பாருங்கள், வாதமே விழுந்துவிடும்.

2023இல் உலகில் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தார்கள். மருத்துவச்சியர் பராமரிப்பு எல்லாருக்கும் முழுமையாகக் கிடைத்தால் 2035 வாக்கில் ஆண்டுக்குத் தாய், சேய் என்று 43 லட்சம் உயிர்களைக் காக்கலாம் என்று 2020இல் ஓர் ஆய்வு கணித்தது. இப்படிப்பட்ட தொழிலுக்கு உதவிப் பெயர் வைத்தால் ஊதியமும் அதிகாரமும் அந்த அளவிலேயே நிற்கும்.

எனவே நான் திருத்தும் பிரதிகளில் இனி இப்படித்தான்: மிட்வைஃப் என்றால் மருத்துவச்சி, பலர் என்றால் மருத்துவச்சியர். மிட்வைஃபரிக்கு மருத்துவச்சிப் பணி. ‘பேறுகால உதவியாளர்’ பர்த் அட்டெண்டன்டுக்கு மட்டும். ஆண் ஒருவர் இந்தப் பணிக்கு வந்தால் பேறுகால மருத்துவப் பணியாளர் என்று எழுதிக்கொள்ளலாம், அந்த ஒரு சிலருக்காக மற்ற எல்லாருடைய பெயரையும் மாற்ற வேண்டியதில்லை. போன வாரம் வந்த துண்டறிக்கையில் ஏழு இடங்களில் மாற்றி அனுப்பினேன். ஐந்தை ஏற்றுக்கொண்டார்கள். மீதி இரண்டுக்காக நாளைக்குப் பேசப் போகிறேன்.