சேர்மன் நாற்காலியில் எத்தனை தடவை உட்காரலாம்?

வீட்டுவரி கட்டவோ பிறப்புச் சான்றிதழ் வாங்கவோ பழைய நகராட்சி அலுவலகத்துக்குப் போனால், மன்றக் கூடத்திலோ தலைவர் அறையிலோ ஒரு பெயர்ப் பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வரிசை எண், பெயர், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை. மேலே ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களோடு சில பெயர்கள் இருக்கும். கீழே வரவர கட்சிக்காரர்கள். நடுநடுவே ஆள் பெயரே இல்லாமல் 'தனி அலுவலர்' என்று ஒரு வரி; தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலத்தில் அரசு நியமிக்கும் அதிகாரி அவர். ஒரே பெயர் இரண்டு முறை வந்திருந்தால் அவர் ஊரில் பெரிய ஆள். மூன்று முறை வந்திருந்தால், பதவி போய் இருபது வருஷம் ஆனாலும் டீக்கடையில் அவருக்குப் பெயர் சேர்மன்தான்.

அப்படி நீண்டகாலம் இருப்பவர்கள் ஏன் இவ்வளவு குறைவு? சட்டம் தடுக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. இத்தனை தடவைதான் நிற்கலாம் என்ற வரம்பு அரசியலமைப்பில் இல்லை. பதவி முடிந்தவர் தகுதி இருந்தால் மறுபடி போட்டியிடலாம். ஆனால் அந்த நாற்காலிக்குப் போகும் வழியை அவ்வப்போது மாற்றிப் போடும் விதிகள் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் பலகை தானாகப் புரியும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மேயர் என்பவர் மாநகராட்சிக்கு மட்டும். நகராட்சிக்கு நகர்மன்றத் தலைவர், பேரூராட்சிக்குப் பேரூராட்சித் தலைவர். பின்னவர்கள் இருவரையும் ஊர் சேர்மன் என்றே கூப்பிடும். 2022 தேர்தலின்போது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. ஊர் தரம் உயர்ந்தால் பதவியின் பெயரும் மாறும். 2024இல் மாநகராட்சி ஆவதற்கான மக்கள்தொகை வரம்பை 3 லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், ஆண்டு வருமான வரம்பை 30 கோடி ரூபாயிலிருந்து 20 கோடியாகவும் குறைத்தார்கள். அந்த வருஷமே காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை நான்கும் மாநகராட்சிகள் ஆயின. நேற்றுவரை சேர்மன், இன்று மேயர். அதே ஆள், அதே அறை.

பதவிக்காலம் ஐந்து ஆண்டு. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது இதை உறுதி செய்தது. ஐந்து ஆண்டை எண்ணுவது தேர்தல் நாளிலிருந்து அல்ல, மன்றத்தின் முதல் கூட்ட நாளிலிருந்து. நிற்பதற்கு 21 வயது ஆகியிருக்கவேண்டும், அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். இதுவரை எளிது. இனிமேல்தான் சிக்கல்.

நேரடித் தேர்தலா, மறைமுகத் தேர்தலா என்பது தமிழ்நாட்டில் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது. 1996, 2001 தேர்தல்களில் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடி மக்கள். 2022இல் மறுபடி கவுன்சிலர்கள். இரண்டும் வெவ்வேறு விளையாட்டு. நேரடித் தேர்தலில் ஊர் முழுக்க முகம் தெரிந்திருக்கவேண்டும். கட்சி கைவிட்டாலும் தனிச் செல்வாக்கில் ஜெயிக்கலாம். மறைமுகத் தேர்தலில் முதலில் ஒரு வார்டில் கவுன்சிலராக ஜெயிக்கவேண்டும். ஊரே கொண்டாடும் ஆளாக இருந்தாலும் சொந்த வார்டில் பத்து ஓட்டில் தோற்றால் கதை முடிந்தது. ஜெயித்தாலும், அப்புறம் சக கவுன்சிலர்களில் பெரும்பான்மை வேண்டும்.

அந்த இரண்டாம் கட்டம் எப்படி நடக்கும் என்பதை 2022இல் பார்த்தோம். பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை, மார்ச் 2 கவுன்சிலர்கள் பதவியேற்பு. மார்ச் 4 காலை 9.30க்குத் தலைவர் தேர்தல், பிற்பகல் 2.30க்குத் துணைத் தலைவர் தேர்தல். இடையில் இருந்த அந்த ஒன்றிரண்டு நாளில்தான் கவுன்சிலர்களை வேனில் ஏற்றிச் சுற்றுலா அழைத்துப்போனதாகப் பல ஊர்களில் பேச்சு. வாக்கெடுப்பு ரகசியம். போதாததற்கு, கட்சித்தாவல் தடையைச் சொல்லும் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான்; நகர்மன்றம் அதில் வராது. அதனால் கட்சி அறிவித்த ஆள் தோற்று, அதே கட்சியின் இன்னொருவர் ஜெயிப்பது நடக்கும். கூட்டணிக்கு ஒதுக்கிய இடங்களில் அப்படி நின்று ஜெயித்தவர்கள் பதவி விலகவேண்டும் என்று முதல்வரே அறிக்கை விடும் அளவுக்கு அந்த முறை போனது.

அடுத்தது இடஒதுக்கீடு. என் கணிப்பில், நீண்டகால சேர்மன் என்ற ஆசையை அதிகம் கலைப்பது இதுதான். கலைப்பதில் தவறும் இல்லை. அதற்காகவே கொண்டுவந்த விதி இது. இது இரண்டு அடுக்கு. வார்டுகளில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடம், பெண்களுக்குத் தனி இடம். அதேபோலத் தலைவர் பதவிகளிலும். அரசியலமைப்பு பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு என்கிறது. தமிழ்நாடு 2016இல் அதை 50 சதவீதம் ஆக்கியது. 2022இல் 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. இந்த ஒதுக்கீடு சுழற்சி முறையில் ஊர் விட்டு ஊர், வார்டு விட்டு வார்டு மாறும்.

ஒரு ஆண் சேர்மன் பொதுப்பிரிவு ஊரில் ஐந்து வருஷம் இருந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலையும் நன்றாகச் செய்திருக்கிறார். அடுத்த தேர்தலுக்கு முன் வரும் அரசாணையில் அவர் ஊரின் தலைவர் பதவி 'பெண்கள் (பொது)' என்று வந்தால், அவர் கவுன்சிலராகலாம், துணைத் தலைவருக்கு முயலலாம், தலைவராக முடியாது. பதவி பொதுவில் இருந்து அவர் வார்டு மட்டும் மாறியிருந்தால், அதே ஊரில் வேறு வார்டு தேடவேண்டும். அது சட்டப்படி முடியும். ஆனால் அந்த வார்டில் ஏற்கெனவே நிற்கக் காத்திருப்பவர் சும்மா விடுவாரா? இதையெல்லாம் யோசிக்க நேரமும் அதிகம் கிடைக்காது. 2022இல் மேயர் பதவிகளின் ஒதுக்கீடு ஜனவரி 17இல் வந்தது, தேர்தல் அறிவிப்பு 26இல், வேட்புமனு 28இல் தொடங்கியது.

இங்கேதான் நம் ஊர்களின் பழைய தந்திரம் வரும். பதவி பெண்களுக்குப் போனால் மனைவி, மகள், மருமகள். பலகையில் வேறு பெயர், வாசலில் அதே கார். மன்றக் கூட்டத்தில் கணவர் உட்கார அனுமதி கிடையாது. கோப்பில் அவர் கையெழுத்தும் செல்லாது. ஆனாலும் அலுவலகத்தில் 'சேர்மன் வர்றார்' என்று எழுந்து நின்றால், யாருக்காக என்று கேட்டுப் பார்க்கவேண்டியிருக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு. அப்படிப் பெயருக்கு வந்த பெண்கள் சிலர் ஒரே வருஷத்தில் வேலையைக் கற்றுக்கொண்டு, கணவரை வாசலோடு நிறுத்தியதும் நடந்திருக்கிறது.

பதவிக்கு வந்தபின் ஐந்து வருஷமும் நிச்சயமா? அதுவும் இல்லை. கவுன்சிலர்கள் எழுத்துமூலம் கையெழுத்திட்டு நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். அதற்கென்று தனிக் கூட்டம் கூட்டுவார்கள். சாதாரணப் பெரும்பான்மை போதாது, அதற்கு மேல் வேண்டும். இது எப்படி இரண்டு பக்கமும் போகும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் இரண்டு. 2024 ஜூலையில் காஞ்சிபுரம் மேயர் மீது கொண்டுவந்த தீர்மானத்துக்கு, குறித்த நேரத்தில் ஒரு கவுன்சிலர்கூட வரவில்லை. தீர்மானம் தோற்றதாக அறிவித்தார்கள். 2025 ஜூலையில் சங்கரன்கோவில் நகராட்சியில் தலைவர் தன் கட்சிக்காரர்கள் ஓட்டும் சேர்ந்தே பதவி இழந்தார்.

பலகையில் வரும் அந்தத் 'தனி அலுவலர்' வரிக்கு வருவோம். பதவிக்காலம் முடியும் முன் அடுத்த தேர்தல் நடக்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 243யூ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நடந்தது வேறு. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அக்டோபர் 24உடன் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத்துக்கு 2019 டிசம்பரில் ஒரு பகுதித் தேர்தல் நடந்தது. நகரங்கள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. மார்ச்சில் புது மன்றம் வரும்வரை கணக்குப் போட்டால் ஐந்து வருஷம் நான்கு மாதத்துக்கு மேல். ஒரு முழுப் பதவிக்காலத்தைவிட நீளம். சமீபகாலத்தின் நீண்டகால சேர்மன் யார் என்று கேட்டால், ஓட்டே வாங்காத தனி அலுவலர்தான் என்று சொல்லவேண்டும்.

சரி, இத்தனையும் தாண்டி வந்தவருக்கு என்ன அதிகாரம்? மாதம் ஒரு முறையாவது மன்றம் கூடவேண்டும். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பது, மன்றத்தில் எந்தப் பொருள் எப்போது வருகிறது என்பதில் கை வைப்பது, இவைதான் தலைவரின் அசல் பலம். ஒரு கூட்டத்தைப் பார்வையாளர் பெஞ்சில் இருந்து பார்த்தால் புரியும். எழுபது எண்பது பொருள் கொண்ட அஜெண்டாக் கட்டு மேஜைக்கு மேஜை கிடக்கும். ஒரு அலுவலர் எண்ணை மட்டும் வேகமாகப் படிப்பார். மோட்டார் பழுது, தெருவிளக்கு சாமான், துப்புரவுக்கு வெளி ஆள். 'ஆல்பாஸ்' என்று ஒரு குரல். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் காலிக் குடத்தோடு எழுந்து நின்றால்தான் கூட்டம் பதினைந்து நிமிஷத்தைத் தாண்டும். அந்தக் கட்டில் 'தலைவர் அவர்களின் முன் அனுமதி பெற்றுச் செய்யப்பட்டது, மன்றத்தின் ஒப்புதலுக்கு' என்று முடியும் பொருள்களைத் தனியாக எண்ணிப் பாருங்கள். அவசரம் என்று ஏற்கெனவே செய்துமுடித்த வேலைகள் அவை. குடிநீர்க் குழாய் வெடித்தால் அவசரம் நியாயம். எல்லாமே அவசரம் என்றால் கேள்வி கேட்கலாம்.

நிர்வாகம் தலைவர் கையில் இல்லை. நகராட்சியில் ஆணையர், பேரூராட்சியில் செயல் அலுவலர், இருவரும் அரசு ஊழியர்கள். கட்டட அனுமதி, வரி விதிப்பு, சான்றிதழ், தொழில் உரிமம், ஊழியர் மேற்பார்வை எல்லாம் அவர்கள் பக்கம். வீட்டுவரியைக் குறைக்கச் சொல்லி சேர்மன் வீட்டு வாசலில் நிற்பதில் பயனில்லை. அதற்குக் கவுன்சிலர்கள் கொண்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது, முறைப்படி மனுப் போடலாம். புதுச் சாலை, வடிகால், பூங்கா, சந்தைக் கடை ஏலம், இவற்றுக்கு மன்றத் தீர்மானம் வேண்டும். அதற்குத்தான் சேர்மனைப் பிடிக்கவேண்டும். தீர்மானம் போட்டபின்னும் சட்டத்துக்குப் புறம்பானது என்றால் மாநில அரசு அதை ரத்து செய்யலாம்.

இவ்வளவுக்கும் பணம் எவ்வளவு? 2023 ஜூலை முதல் மாத மதிப்பூதியம் தருகிறார்கள். மேயருக்கு 30,000 ரூபாய், நகர்மன்றத் தலைவருக்கு 15,000, பேரூராட்சித் தலைவருக்கு 10,000. நகராட்சிக் கவுன்சிலருக்கு 5,000, பேரூராட்சிக் கவுன்சிலருக்கு 2,500. இந்தத் தொகைக்காக யாரும் தேர்தலில் நிற்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நீண்டகாலம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்றும் இல்லை. ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக 1917 முதல் இரண்டு வருஷம்தான் இருந்தார். ஈரோட்டில் பெரியார் இருந்ததும் கொஞ்ச காலமே. குடிநீர்த் திட்டத்துக்காக அந்த ஊர் அதை இன்றும் சொல்கிறது. மறுபுறம், பத்து வருஷம் இருந்தவருக்கு ஒரு வசதி உண்டு. பாதாளச் சாக்கடை மாதிரி வேலைகள் எஸ்டிமேட் போட்டு, அனுமதி வாங்கி, டெண்டர் விட்டு, தெருவைத் தோண்டி மூட ஐந்து வருஷம் பத்தாது. தொடங்கியவர் ஒருவர், கல்வெட்டில் பெயர் வாங்குபவர் இன்னொருவர் என்பதுதான் வழக்கம்.

உங்கள் ஊர் சேர்மன் என்ன செய்தார் என்று அறிய நோட்டீசையும் பேனரையும் நம்பவேண்டாம். மன்றத் தீர்மானப் புத்தகத்தின் நகலை, தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போட்டுக் கேட்கலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். நகலுக்குப் பக்கக் கணக்கில் தனிக் கட்டணம். 'ஐந்து வருஷத் தீர்மானமும் வேண்டும்' என்று எழுதினால் இழுத்தடிப்பார்கள். உங்கள் வார்டு எண்ணையும் ஒரு குறிப்பிட்ட வருஷத்தையும் போட்டுக் கேளுங்கள்.

2022 மார்ச்சில் கூடிய மன்றங்களுக்கு ஐந்து வருஷக் கணக்கு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த முறை நிற்கும் எண்ணம் உள்ளவர்கள் கவனிக்கவேண்டியது வார்டு ஒதுக்கீட்டு அறிவிப்பை. அதோடு வாக்காளர் பட்டியலில் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்பதையும், நகராட்சிக்குக் கட்டவேண்டிய வரிப் பாக்கி ஏதும் இல்லை என்பதையும் இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளலாம். 2022இல் நகராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை 2,000 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 1,000. ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வைக்கவேண்டும். கொடுக்காதவர்களை மாநிலத் தேர்தல் ஆணையம் மூன்று வருஷம் தகுதி நீக்கம் செய்யலாம். தோற்றவர்கள் பலர் மறப்பது இதைத்தான்.