ஈறின் புண்ணும் இரத்தக் கொழுப்பும்

இரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டிவிட்டால், வேலூரில் பழி முதலில் ஆம்பூர் பிரியாணி மீதும் ஆற்காட்டு மக்கன் பேடா மீதும்தான் விழுகிறது. அவற்றுக்குப் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பல் துலக்கித் துப்பும் நீரில் இரத்தம் கலந்திருப்பதை மாதக்கணக்கில் பொருட்படுத்தாத ஒருவருக்கு, அந்த எண் உயர்ந்ததில் வாய்க்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கு, நலமான வாயில் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமே இருக்கும். அழுக்குப் படலம் தங்கிக் கல் போன்ற காரையாக இறுகி, அழற்சி பல்லைத் தாங்கும் எலும்பு வரை இறங்கும்போது, அந்த இடுக்கு 5, 6 மில்லிமீட்டர் ஆழமுள்ள பையாகிறது. பையின் உட்சுவர் முழுதும் புண். எல்லாப் பற்களையும் சுற்றியுள்ள இப்புண்களைச் சேர்த்து விரித்தால் பல சதுர சென்டிமீட்டர் வரும். காலில் அவ்வளவு பெரிய புண் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓடுவோம். ஈறுப் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால் ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறோம்.

அப்பைகளில் வாழும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் லிப்போபாலிசாக்கரைடு என்னும் நச்சு உள்ளது. அது புண் வழியே இரத்தத்தில் கசிகிறது. அதை எதிர்க்கும் வெள்ளணுக்கள் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 ஆகிய தூதுப் பொருள்களை வெளியிடுகின்றன. இவை கல்லீரலை எட்டியதும், அது அழற்சியின் அடையாளமான சி-ரியாக்டிவ் புரதத்தைச் சுரப்பதோடு, டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களையும் கூடுதலாக இரத்தத்தில் விடுகிறது. அத்துகள்களைச் சிதைத்து அகற்றும் நொதியின் வேகமோ குறைகிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லும் இறங்குகிறது.

உடல் ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? கொழுப்பைச் சுமக்கும் துகள்கள் அந்த நச்சைப் பற்றிக்கொண்டு அதன் வீரியத்தைத் தணிக்க வல்லவை. நான்கு நாள் காய்ச்சலில் இது நல்ல தற்காப்பு. ஈறு நோயில் சண்டை ஓய்வதே இல்லை என்பதால், தற்காப்பே தீங்காக முடிகிறது: நாட்பட்ட அழற்சியில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அதை விழுங்கும் வெள்ளணுக்கள் இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு நிறைந்த நுரை அணுக்களாகப் படிகின்றன.

தொடர்பு ஒருவழிப் பாதையும் அல்ல. மிகுந்த கொழுப்பு வெள்ளணுக்களை அளவுக்கு மீறிச் சீண்டி, ஈறுத் திசு மேலும் அழியக் காரணமாகலாம். நீரிழிவும் புகையும் இரண்டு நோய்களையும் ஒருசேர வளர்ப்பவை என்பதால், எதற்கு எது காரணம் என்று பிரித்தறிவது கடினம். குடியாத்தம் பக்கம் பலருக்குப் பழகிய பீடியை இங்கே சொல்லியாக வேண்டும். நிகோட்டின் ஈறின் நுண்குழாய்களைச் சுருக்கிவிடுவதால், புகைப்பவருக்கு நோய் முற்றியும் இரத்தம் அதிகம் கசியாமல் போகலாம். அந்த எச்சரிக்கைகூட அவருக்குக் கிடைப்பதில்லை.

காரையை நீக்கினால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. எலும்பு கரைந்ததால் முன்பே தளர்ந்திருந்த பல்லைக் காரை பிடித்து வைத்திருக்கும். அது போனதும் உண்மை நிலை தெரிகிறது, அவ்வளவுதான். வேர் வரை முறையாகச் சுத்தம் செய்தபின் சி-ரியாக்டிவ் புரதம் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கொழுப்பு அளவுகளில் காணப்பட்ட மாற்றமோ சிறியது, எல்லோரிடமும் ஒரே சீராக இருப்பதும் இல்லை. ஆகவே ஈறு ஆறிவிட்டது என்று கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை சாப்பிடுகிறோம் என்று ஈறை விட்டுவிடவும் கூடாது.