மரிக்கொழுந்துப் பாசிக்கு யார் மொய் வைப்பது?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், கடற்பாசிகளை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் வகைப்பாட்டுத் துறையில் பிஎச்.டி. செய்யும் அக்கா மகள் போன வாரம் போனில் கேட்டாள்: "மாமா, என்கூடப் படிச்சவ புற்றுநோய் செல் ஆராய்ச்சி, எச்-இண்டெக்ஸ் 11. எனக்கு 4. நான் அவ்வளவு மட்டமா?"

எச்-இண்டெக்ஸ், 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒருவர் கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் சுட்டிக்காட்டினால் அது ஒரு மேற்கோள்; குறைந்தது ஐந்து மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் ஐந்து இருந்தால் எச் 5, ஆறு வாங்கியவை ஆறு இருந்தால் 6, இப்படி. அவளுடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் எழுதச் சொன்னேன்: 40, 12, 6, 5, 4, 1. மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். நாலாவதுக்கு 5 இருக்கிறது, சரி. ஐந்தாவதுக்கு 4தான், அங்கே தட்டிவிடுகிறது. ஆக எச் 4. இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் கட்டுரை 40க்குப் பதில் 4000 வாங்கியிருந்தாலும் எச் 4தான்; ஆனால் அந்த ஐந்தாவதுக்கு யாராவது ஒரே ஒரு மேற்கோள் போட்டால் போதும், 5 ஆகிவிடும். அதற்கப்புறம் 6 ஆக இன்னும் ஏழு வேண்டும்: நாலாவதுக்கு ஒன்று, ஐந்தாவதுக்கு ஒன்று, ஆறாவதுக்கு ஐந்து. மேலே போகப்போக ஏற்றம் செங்குத்து.

துறைக்குத் துறை இது மாறுவது மொய் மாதிரிதான். ஆயிரம் வீட்டு ஊரில் விழும் மொய்யும் பத்து வீட்டு ஊரில் விழும் மொய்யும் ஒன்றாகுமா? செல் உயிரியலில் எழுதுகிறவர்கள் அதிகம், கட்டுரைக்குக் கட்டுரை மேற்கோள் பட்டியலும் நீளம். அதனால் ஒரு கட்டுரையின் மேற்கோளை அதே துறை, அதே ஆண்டுக் கட்டுரைகளின் சராசரியால் வகுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

வகைப்பாட்டுக்காரர்களுக்கு இன்னொரு அநியாயமும் உண்டு. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறிக்கிறார்களே, அகர் என்ற ஜெல்லிப் பொருள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, அதற்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் ஃபோர்ஸ்கால் என்ற இயற்கையியலாளர். ஏமனில் 1763இல் இறந்துபோனார், புத்தகம் 1775இல்தான் வந்தது. பெயரின் முதல் பாதியான பேரினம் பின்னால் மாறியதால் இன்றைக்கு முறைப்படி எழுதினால் ஜெலிடியெல்லா ஏசரோசா என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும். ஆனால் அந்தப் பெயர் கட்டுரையின் உடம்பில் கிடக்கிறது, கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலில் பெரும்பாலும் ஏறுவதில்லை. எண்ணுகிற கணினிக்குத் தெரிவது பட்டியல் மட்டும்தான். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நோட்டில் எழுதாமல் போன கதை.

நிதி ஒதுக்கும் குழுக்கள் துறை பார்க்காமல் இந்த ஒற்றை எண்ணை வைத்து ஆளை அளந்தால், அது ஜாதகத்தைப் பார்த்து வேலை கொடுப்பதைவிட ஒன்றும் மேல் இல்லை என்பேன். பாசியை அடையாளம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அகர் ஆராய்ச்சி எந்தப் பாசியில் நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இதைக் கேட்டுவிட்டு அவள் புதுக் கட்டுரையின் பட்டியலில் ஃபோர்ஸ்காலைச் சேர்த்தாளாம். 1775 புத்தகமெல்லாம் எதுக்கும்மா என்று கைடு அந்த வரியை அடித்துவிட்டார்.