ஓரகத்தியோடு பேசி எத்தனை நாள் ஆச்சு?

தலைவலி என்றுதான் வந்தார். ஸ்கேன் எடுத்தாயிற்று, கண்ணையும் காட்டியாயிற்று, எதிலும் குறையில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பஸ் டிக்கெட் மாதிரி சுருட்டிக் கையில் வைத்திருந்தார். 34 வயது, இரண்டு பிள்ளைகள், மதுரைப் பக்கம் ஒரு கூட்டுக் குடும்பம். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "ஒண்ணும் இல்ல மேடம், நல்லாத்தான் இருக்கோம்." பதினேழு வருடமாகக் குடும்பநல ஆலோசகராக இருக்கிறேன். இந்த 'நல்லாத்தான்' எனக்கு நன்றாகப் பழக்கம். அதற்கு மேல் தட்டினால் கதவு இன்னும் இறுகும்.

அதனால் பேச்சை மாற்றினேன். வேலையெல்லாம் முடிந்த பிறகு ராத்திரியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஒன்பதரைக்கு எதிர்நீச்சல் பாப்பேன்."

"அதுல யாரைப் பிடிக்கும்?"

"நந்தினி."

அதற்குப் பிறகு அரைமணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. நந்தினி எப்படிச் சமைப்பாள், எப்படி நக்கலடிப்பாள், புருஷன் கதிர் கை ஓங்கும்போது எப்படிச் சுருங்கிப் போவாள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். "அவளுக்காச்சும் கூட மூணு பேரு இருக்காங்க மேடம்."

"உங்க வீட்ல?"

"எனக்கும் ஒரு ஓரகத்தி இருக்கா, வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. நாலு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல."

ஒரே அடுப்படி, ஒரே குழாய், நாலு வருடம். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சீரியல் என்றாலே முகம் சுளிக்கிற சக ஆலோசகர்கள் எனக்கு நிறையப் பேர் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். இப்போது புதிதாக வருகிறவர்களிடம், குறிப்பாகப் பேசத் தயங்குகிற பெண்களிடம், என்ன சீரியல் பார்ப்பீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். தன் வீட்டைப் பற்றிப் பேசினால் குடும்பத்தைக் காட்டிக் கொடுத்த மாதிரி இருக்கும். எதிர்நீச்சலில் வரும் குணசேகரன் வீட்டைப் பற்றிப் பேசினால் அந்த உறுத்தல் கிடையாது.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். திருச்செல்வம் இயக்கிய எதிர்நீச்சல் 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கி 2024 ஜூன் வரை ஓடியது. அந்த ஆண்டு டிசம்பரில் அடுத்த பாகமும் வந்தது. ஆதி குணசேகரனும் மூன்று தம்பிகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டு மருமகள்கள் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. ஆளுக்கொரு படிப்போ திறமையோ இருக்கிறது, ஆனால் நாலு பேருக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்ட இடம் அடுப்படி. கதை என்னவோ சொத்து, அதிகாரம், கல்யாணம் என்று எங்கெங்கோ போகும். என்னைக் கேட்டால் அந்தத் தொடரின் உயிர், வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவர்கள் பேசுகிற காட்சிகளில்தான் இருந்தது. ஒருத்தி அழுவாள், ஒருத்தி திட்டுவாள், ஒருத்தி ஜோக் அடிப்பாள், ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொள்வாள்.

நம் சீரியல்களில் இது பெரிய இடமாற்றம். 2002-ல் இருந்து 2005 வரை ஓடிய மெட்டி ஒலியை நினைத்துப் பாருங்கள். தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்த சிதம்பரம். சரோஜாவை மாமியார் ராஜம் படுத்துவார், புருஷன் மாணிக்கம் அம்மா பக்கம் நிற்பான், துயரமெல்லாம் கடைசியில் அப்பாவின் வாசலுக்குத்தான் வந்து சேரும். ஆறுதல் பிறந்த வீட்டில் இருந்தது, அக்கா தங்கைகளிடம் இருந்தது. புகுந்த வீட்டுக்குள்ளேயே ஒரு தோழி கிடைக்கலாம் என்பது அப்போது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. நிஜத்திலும் என்னிடம் வருகிற பெண்கள், அம்மா இருக்கிறவரை அம்மாவிடம் சொல்கிறார்கள். அம்மாவுக்கு முடியாமல் போனாலோ, அண்ணன் கல்யாணமாகிப் பிறந்த வீட்டின் நிறம் மாறினாலோ, அந்த வழி அடைபடுகிறது. அப்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது, தூக்கம் போகிறது, நெஞ்சு படபடக்கிறது.

தமிழில் இந்த உறவுக்கென்றே ஒரு சொல் இருக்கிறது. ஓரகத்தி, ஓர் அகத்தில் வாழ வந்தவள். சில ஊர்களில் ஓர்ப்படி என்பார்கள். ரத்த சம்பந்தம் இல்லை, அவளை நாம் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஆனால் அந்த வீட்டின் மாமியார், அந்த வீட்டின் சாப்பாட்டு நேரம், அந்த வீட்டு ஆண்களின் கோபம் எல்லாம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு இன்னொருவருக்குத் தெரியுமென்றால் அது அவள்தான். உங்கள் அம்மாவிடம் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதை அவளிடம் கண்ணைக் காட்டினால் போதும்.

அப்படியிருந்தும் ஏன் பேசிக்கொள்வதில்லை? என் அறையில் கேட்ட காரணங்கள் எல்லாமே சின்னச் சின்னவை. யார் எத்தனை பவுன் போட்டு வந்தாள். தலைச்சன் பிள்ளைக்குக் கிடைத்த தங்கச் சங்கிலி அடுத்தவள் பிள்ளைக்கு ஏன் வெள்ளி அரைஞாண் ஆனது. யார் வேலைக்குப் போகிறாள், யார் பாத்திரம் தேய்க்கிறாள். "சின்னவ கை மணமே தனி" என்று விருந்தாளி முன்னால் மாமியார் சொன்ன ஒரு வாக்கியம். தலைவலியோடு வந்தவருடைய கதையில் அது ஒரு கோள். 'உன் வீட்டுக்காரருக்கு வேலை நிலைக்காது' என்று பெரியவள் சொன்னதாக மூன்றாவது ஆள் வந்து சொன்னார். அவளிடமே போய்க் கேட்டீர்களா என்றால், இல்லை.

இந்த இடத்தில் சீரியல்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சீரியலுக்கு மௌனம் தேவை. ஒருத்தி அறைக்குள் போய், "நீ இப்படிச் சொன்னியாமே, உண்மையா?" என்று கேட்டுவிட்டால் மூன்று மாதக் கதை அன்றைக்கே முடிந்துவிடும். அதனால் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பார்கள், பாதியைக் கேட்பார்கள், கேட்டதை மனதில் வைத்துக்கொள்வார்கள், முகத்தை மூன்று தடவை காட்டித் 'தொடரும்' போடுவார்கள். பாசம் வைத்தவர்களிடம் உண்மையை மறைப்பது தியாகமாகிவிடும். இதைத் தினம் பார்க்கிற நமக்கும் அது இயல்பாகத் தோன்ற ஆரம்பிக்கிறது. அம்மாவின் மருந்துச் செலவுக்கு இரண்டாயிரம் கொடுத்ததைப் புருஷனிடம் எட்டு மாதம் மறைத்த ஒரு பெண் என்னிடம், "சொன்னா அவர் மனசு கஷ்டப்படும்ல" என்றார். கடைசியில் தெரிந்தபோது, அவருக்குப் பணம் பெரிதாக இல்லை, அந்த எட்டு மாதம்தான் வலித்தது.

இன்னொன்று தியாகம். பாண்டியன் ஸ்டோர்ஸ் 2018-ல் விஜய் டிவியில் வந்தபோது, கொழுந்தன்மார்களைப் பெற்ற பிள்ளைபோல வளர்க்கிற அண்ணி தனத்தை ஊரே கொண்டாடியது. அவர்களுக்காகத் தனக்கென்று பிள்ளை வேண்டாம் என்று இருந்தவள். சுஜிதா நன்றாக நடித்தார், மறுக்கவில்லை. ஆனால் அந்த வருடங்களில் "தனம் மாதிரி இரு" என்ற வாக்கியம் எத்தனை வீடுகளில் மூத்த மருமகளின் தலையில் இறங்கியது என்பது எனக்குத் தெரியும். ஒருவர் கொழுந்தன் கடை வைக்க நகையை அடகு வைத்தார், அது மூழ்கிப்போனது. கேட்டபோது, "அண்ணின்னா அம்மா மாதிரி, கணக்குப் பாக்கலாமா?" என்றார்களாம். பாசம் ஒரு பக்கமாகவே ஓடினால் அதற்கு வேறு பெயர். கொழுந்தனிடம் கணக்குக் கேட்பதால் யாரும் கெட்ட அண்ணி ஆகிவிட மாட்டார்கள்.

வீட்டுக்கு வெளியே கிடைக்கிற நட்பைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 2003-ல் தொடங்கி ஆறு வருடம் ஓடிய கோலங்களில் தேவயானியின் அபிக்குத் துணையாக வந்தவன் தொல்காப்பியன், அவள் வாயில் 'தொல்ஸ்'. ஒரு பெண்ணுக்கு ஆண் நண்பன் இருக்கலாம் என்பதை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த காலம் அது. அதே வீட்டில், ஆபீஸ் நண்பர் போன் செய்தால் முகம் மாறும். இதைச் சொன்னால் என் அறையில் கணவர்கள் சிரிப்பார்கள். மனைவிகள் சிரிப்பதில்லை.

வெறும் கதாபாத்திரங்கள்தானே, இதற்கு இவ்வளவா என்று கேட்கலாம். 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு பேர், திரையில் தெரிகிறவரோடு பார்ப்பவருக்கு ஒரு பக்க உறவு உண்டாவதைப் பற்றி எழுதிவிட்டார்கள். எனக்கு அது புரிந்தது 2023 செப்டம்பரில். குணசேகரனாக நடித்த மாரிமுத்து அந்த மாதம் 8-ஆம் தேதி காலமானார். மறுவாரம் வந்த ஒரு பாட்டியம்மா, மருமகளைப் பற்றிப் பேச வந்தவர், உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தினம் அவனை வஞ்சுக்கிட்டேதான் பாப்பேன். இப்ப வீட்ல ஒரு ஆள் போன மாதிரி இருக்கு." அந்த அழுகையை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு உறவுக்காக அழுகிறார். நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான்: பக்கத்து அறையில் இருக்கிற மருமகள் அழுதால் இந்த அம்மாவுக்குக் கேட்கிறதா?

குணசேகரனின் "இந்தாம்மா ஏய்" வீட்டுக்கு வீடு விளையாட்டாகிப் போனது. என் அறையிலேயே ஒருவர் மனைவியை அப்படிக் கூப்பிட்டார், தமாஷாகத்தானாம். அவர் மனைவி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அடித்தால்தான் கொடுமை என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தில் இழிவாகப் பேசுவது, அவமானப்படுத்துவது, செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது எல்லாமே வன்முறைதான். அதோடு ஒரு விஷயம் பெரும்பாலோருக்குத் தெரியாது. பாதிக்கப்பட்டவர்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்றில்லை. அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் அதற்காக வழக்குப் போட முடியாது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம், பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் செய்யலாம். அந்த 'யாரும்' என்ற சொல்லில் ஓரகத்தியும் அடக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கிற ஒரே ஆள் பல வீடுகளில் அவள்தான். மனது மட்டும் பாரமாக இருக்கிறது, யாரிடமாவது பேசினால் போதும் என்றால் 14416, டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

எல்லா ஓரகத்தியையும் நம்பிவிடுங்கள் என்று சொல்லவில்லை. சொன்னது அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் மாமியார் காதில் விழுகிற வீடுகளும் உண்டு. நான் சொல்லிக் கொடுப்பது பழைய வழிதான்: முதலில் சின்ன விஷயம். முதுகு வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். வெளியே போகாமல் அவளிடமே நின்றுவிட்டதா, சரி, அடுத்தது கொஞ்சம் பெரியது. திரும்பி வந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேறு ஆளைத் தேடலாம். பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கிறவராக இருக்கலாம்.

தலைவலியோடு வந்தவர் அப்படித்தான் ஆரம்பித்தார். முதுகு வலி கூட இல்லை, காபித்தூள். தீர்ந்துபோன நாளில் போய், "அக்கா, ஒரு ஸ்பூன் தர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார். நாலு வருடத்தில் முதல் வாக்கியம். பெரியவள் டப்பாவோடு கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். அந்தக் கோளைப் பற்றிக் கேட்க இன்னும் ஒன்றரை மாதம் ஆனது. பெரியவள் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்குச் சந்தேகம், ஆனால் அதை நான் கிளறவில்லை. நாலாவது முறை வந்தபோது வெளியே பெஞ்சில் ஒரு பெண் இரண்டு ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைவலி முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. போன மாதம் போன் வந்தது. குரலில் சூடு. மிக்ஸி ஜாரைப் பெரியவள் கீழே போட்டு உடைத்துவிட்டாராம், வாங்கித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

"மறுபடியும் பேச்சை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்ல மேடம். மூஞ்சிக்கு நேரா நல்லா வஞ்சு விட்டுட்டேன். அவளும் வஞ்சா. இப்பத்தான் ரெண்டு பேரும் சாப்பிட்டு முடிச்சோம்."