முட்டையை உடைத்து உதவாதீர்கள்

கால்நடை மருத்துவராக எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் நெஞ்சைப் பிசைவது ஒன்று உண்டு. "டாக்டர், நேற்று இரவே ஓட்டில் துளை விழுந்துவிட்டது. உள்ளே கத்திக்கொண்டே இருந்தது. பாவமாக இருந்ததால் நானே ஓட்டை உரித்துவிட்டேன். இப்போது இரத்தம் நிற்கவில்லை." பேசுபவர் அழும் நிலையில் இருப்பார். அப்படி உரிக்கப்பட்ட குஞ்சுகளில் பல பிழைப்பதில்லை.

ஓட்டுக்குள் நடப்பதை ஒரு முறையாவது கண்ணால் பார்த்தவர்கள் இந்தத் தவறைச் செய்வது குறைவு. அதனால்தான் கோழி முட்டைகளைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டியை வாங்கியவர்களிடம் டார்ச் அடித்துப் பார்க்கப் பழகுங்கள் என்கிறேன். இருட்டறை, சூடேறாத சிறிய எல்.இ.டி. டார்ச், கழுவிய கை, இவை போதும். முட்டையின் அகன்ற முனையில் ஒளியை ஒட்டிப் பிடியுங்கள். ஓரிரு நிமிடங்களில் முட்டை மீண்டும் உள்ளே போய்விட வேண்டும்.

முதல் பார்வைக்கு, முட்டையை இன்குபேட்டரில் வைத்ததிலிருந்து ஏழாம் நாள் நல்ல நாள். இளஞ்சிவப்பு ஒளியில் மெல்லிய இரத்தக் குழாய்கள் சிலந்தியின் கால்களைப் போல எல்லாப் பக்கமும் பரவியிருக்கும். நடுவே ஒரு கரும்புள்ளி தெரியும். அதுதான் கண். கையை அசைக்காமல் பிடித்திருந்தால் அந்தப் புள்ளி தானாகவே மெல்ல ஊசலாடுவதைக் காணலாம். எத்தனையோ முட்டைகளைப் பார்த்துவிட்டேன். அந்த அசைவைக் கண்டால் இன்றும் என் பேச்சு நின்றுவிடுகிறது. இதயமோ இதற்கு வெகு முன்பே, இரண்டாம் நாள் முடிவதற்குள்ளாகவே துடிக்கத் தொடங்கியிருக்கும். சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பு முட்டைகளை நாள் வாரியாக உடைத்துப் பார்த்த அரிஸ்டாட்டில், மூன்று நாள் கழித்து வெண்கருவில் துடிக்கும் இரத்தப் புள்ளியாக இதயத்தைக் கண்டு எழுதிவைத்தார்.

ஏழாம் நாளிலும் உள்ளே ஒன்றும் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கரு கூடாத முட்டை. குழாய்கள் மறைந்து, சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு வளரத் தொடங்கி இறந்துவிட்டது என்று பொருள். நெடுநாள் சேமித்த முட்டையும் ஏறி இறங்கும் வெப்பமும் இதற்குப் பொதுவான காரணங்கள். இவற்றை அகற்றிவிடுங்கள். அழுகி வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும். ஐயமாக இருந்தால் மூன்று நாள் பொறுத்து மறுபடி பாருங்கள். பழுப்பு ஓட்டு முட்டைகளில் கண் ஏமாறுவது சாதாரணம்.

மஞ்சள் கரு எடை குறைந்தது, மேலே மிதக்கும். அதன் உச்சியில் கரு இருக்கிறது. முட்டை ஒரே நிலையில் கிடந்தால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். அடைக்கோழி அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். கையால் புரட்டுபவர்கள் ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை என ஒற்றைப்படையில் புரட்டினால், இரவின் நீண்ட இடைவெளியில் ஒரே பக்கம் தினமும் கீழே இருக்காது. பதினெட்டாம் நாளோடு புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

அகன்ற முனையில் உள்ள காற்றறையின் விளிம்பை 7, 14, 18 ஆகிய நாட்களில் பென்சிலால் வரைந்துவையுங்கள். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேற வெளியேற இந்த அறை பெரிதாகும். பதினெட்டாம் நாளுக்குள் முட்டை சுமார் 12 சதவீத எடையை இழப்பது நல்லது, அதாவது 60 கிராம் முட்டையில் 7 கிராம். கோடு நகரவே இல்லையென்றால் இன்குபேட்டரில் ஈரப்பதம் அதிகம், மிக வேகமாக நகர்ந்தால் குறைவு. எந்த ஈரப்பதமானியையும்விட இந்தப் பென்சில் கோட்டையே நான் நம்புகிறேன்.

பதினெட்டாம் நாளில் காற்றறையைத் தவிர முட்டை முழுவதும் இருண்டிருக்கும். அதன்பின் டார்ச்சை எடுத்து வைத்துவிடுங்கள். ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு உயர்த்தி, மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இனிதான் பொறுமை வேண்டும். குஞ்சு முதலில் காற்றறையின் சவ்வைக் குத்தி, அங்குள்ள காற்றை நுரையீரலால் சுவாசிக்கத் தொடங்குகிறது. கீச்சென்ற குரல் அப்போதுதான் கேட்கும். பிறகு அலகின் நுனியிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டில் கீறல் விழுகிறது. அந்தக் கீறலுக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரம் வரை வெளியே பெரிய அசைவு இல்லாமல் இருக்கலாம். அது சோர்ந்து கிடக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உள்ளேயோ, ஓட்டை ஒட்டிய சவ்விலுள்ள இரத்தம் குஞ்சின் உடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, தொப்புள் மூடிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் ஓட்டை உரித்தால் இரத்தம் நிரம்பிய குழாய்கள் கிழிகின்றன. மூடாத தொப்புள் வழியே நோய்க்கிருமி நுழைகிறது.

வெளியே வந்த குஞ்சையும் உடனே எடுக்க வேண்டாம், உடல் காயட்டும். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு நாளைக்கு அதற்கு உணவாகும். பக்கத்து முட்டைகளில் இன்னும் கீறல் விழுந்துகொண்டிருக்கும், அவற்றுக்கு அந்த மூடி மூடியே இருக்க வேண்டும்.